தலையில் அடியா? காலைக் கேளுங்கள்!

கரிசல் காட்டுச் சாலையில் மோட்டார் சைக்கிள் சறுக்கி விழுந்தவர் என்ன செய்வார்? எழுந்து, வேட்டியைத் தட்டிக் கட்டிக்கொண்டு, "ஒண்ணுமில்லே, ஒண்ணுமில்லே" என்பார். திருவேங்கடத்திலிருந்து சங்கரன்கோவில் போகிற வழியானாலும் சரி, கபடிக் களமானாலும் சரி, ஆபத்து இந்த 'ஒண்ணுமில்லே'யில்தான் இருக்கிறது. ரத்தம் வராத அடியை நம்மவர்கள் அடியாகவே மதிப்பதில்லை!

2020 டிசம்பர் 4-ம் தேதி கான்பெராவில் நடந்த கிரிக்கெட் ஆட்டம் நேயர்களுக்கு நினைவிருக்கும். சேலத்து நடராஜன் இந்தியாவுக்காக முதன்முதல் 20 ஓவர் ஆட்டம் ஆடிய நாள் அது. ஸ்டார்க் வீசிய பந்து ஜடேஜாவின் ஹெல்மெட்டில் மோதியது. மனிதர் அசையவில்லை, தொடர்ந்து ஆடி, 44 ரன்னுடன் அவுட்டாகாமல் திரும்பினார். அப்புறம்தான் தலை சுற்றியது! மூளை அதிர்ச்சி என்று டாக்டர்கள் அவரை நிறுத்திவிட்டார்கள். பதிலாக இறங்கிய சாஹல் 3 விக்கெட் வீழ்த்தவே, எதிர்தரப்பில் முணுமுணுப்பு எழுந்தது. ஆனால் இத்தகைய பதில் ஆட்டக்காரருக்கு 2019 ஆகஸ்டிலேயே விதி இடம் கொடுத்துவிட்டது.

மூளை அதிர்ச்சியில் ஒரு சங்கடம் உண்டு. ஸ்கேன் படத்தில் பெரும்பாலும் எதுவும் தெரியாது. பின் எப்படிக் கண்டுபிடிப்பது? காலைக் கேட்க வேண்டியதுதான்.

நாம் விழாமல் நிற்பது சாமானிய வித்தையல்ல. கண் ஒரு சேதி சொல்கிறது, உட்காது ஒன்று, பாதமும் தசையும் ஒன்று. மூன்றையும் கூட்டிப் பார்த்து நம்மை நிறுத்தி வைப்பது மூளை. கண்ணை மூடி நிற்கச் சொல்லிப் பார்க்கும் சோதனையை ஜெர்மன் டாக்டர் ராம்பெர்க் 19-ம் நூற்றாண்டிலேயே சொல்லி வைத்தார். ஆனால் தள்ளாட்டத்தைக் கண்ணால் பார்த்து மதிப்பிட்டால் ஆளுக்கொரு கணக்கு வரும்.

புதிய முறை கண்ணை மூடச் சொல்வதில்லை. கண்ணிடம் பொய் சொல்கிறது! 'விர்ச்சுவல் ரியாலிட்டி' என்ற மாயக் கண்ணாடியை மாட்டி, ஒரு பலகைமேல் நிற்க வைக்கிறார்கள். கண்முன் உலகமே சாய்கிறது. நல்ல மூளை, "கண் புளுகுகிறது" என்று தள்ளிவிட்டுக் காதையும் காலையும் நம்பி நிற்கும். அடிபட்ட மூளைக்கு இந்தப் பஞ்சாயத்து சிரமம்; உடல் கூடுதலாக ஆடும். அந்த ஆட்டத்தைப் பலகை துல்லியமாக அளந்துவிடும். அமெரிக்காவில் டெம்பிள் பல்கலைக்கழகத்தார், வீடியோ விளையாட்டுக்கு விற்கும் பலகையைக் கொண்டே மலிவாக இப்படியொரு சோதனையை அமைத்தார்கள். லட்சக்கணக்கில் விலையுள்ள யந்திரம் தேவையில்லை என்பதே எனக்கு இதில் பிடித்த அம்சம்.

ஆனால் இதை மட்டும் நம்பி இருந்துவிட முடியாது. காதுக் கோளாறு, களைப்பு, மூப்பு (மதுவும்தான்!) எல்லாமே ஆளை ஆட்டும். மண்டைக்குள் ரத்தம் கசிந்தால் பலகை சொல்லாது. அதற்கு ஸ்கேன்தான் வேண்டும். அடிபட்டவர் நன்றாகப் பேசிக்கொண்டிருந்து, சில மணி நேரத்தில் மயங்குவதும் உண்டு. திரும்பத் திரும்ப வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, குழறும் பேச்சு, ஒரு கண்பாவை மட்டும் பெரிதாதல் - இவற்றில் ஒன்று கண்டாலும் 108-ஐக் கூப்பிடுங்கள். சாலை விபத்தானால் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். 2021-ல் தமிழக அரசு தொடங்கிய திட்டம் இது.

கபடிக் குழுவினர் இன்னொன்றும் செய்யலாம். முதல் அடி ஆறுமுன் இரண்டாவது அடி விழுந்தால் இளைஞர்களுக்கு உயிராபத்தே நேரலாம். ஆகவே பந்தயக் காலம் தொடங்குமுன், ஒவ்வொருவரும் ஒற்றைக் காலில், கண்ணை மூடி எத்தனை விநாடி நிற்கிறார் என்று நோட்டில் குறித்து வையுங்கள். பின்னால் தலையில் அடிபட்டு வருகிறவரை உடனே உட்கார வைத்துவிட்டு, டாக்டரிடம் போகும்போது அந்த நோட்டையும் எடுத்துப் போகலாம்.