ஸ்லைடைப் படிக்காதீர்கள், பேசுங்கள்!

பவர்பாயிண்ட் புரோகிராமைப் புதிதாகப் பழகுபவர்களில் பலர் ஒரே தவறைச் செய்கின்றனர். பேச வேண்டியதை எல்லாம் ஸ்லைடில் டைப் செய்துவிட்டு, மேடையில் திரையைப் பார்த்து வரிவரியாகப் படிக்கின்றனர். எதிரில் இருப்பவர்கள் அதற்குள் படித்து முடித்துவிட்டு, வாட்ச்சைப் பார்க்கத் தொடங்கிவிடுவார்கள்.

அலுப்போடு போனால் பரவாயில்லை. முக்கியமான தகவலும் அந்த வரிகளுக்குள் புதைந்து போகலாம். 2003 ஜனவரி 16 அன்று புறப்பட்ட கொலம்பியா விண்வெளி ஓடத்தின் எரிபொருள் டேங்கிலிருந்து பெயர்ந்த நுரைத் துண்டு ஒன்று, 82 வினாடிகளில் இடது இறக்கையில் மோதியது. ஓடம் விண்ணில் இருக்கும்போதே பொறியாளர்கள் இதனை ஆராய்ந்து, நாசா அதிகாரிகளுக்கு ஸ்லைடுகளாகக் காட்டினர். அதில் ஒரு ஸ்லைடின் தலைப்பு, பயப்பட வேண்டியதில்லை என்று எண்ண வைத்தது. உண்மையான விஷயம் கடைசி வரியில் இருந்தது. சோதனையில் பயன்படுத்திய துண்டின் அளவு 3 கன அங்குலம். மோதியதாகக் கணக்கிட்டது 1920 கன அங்குலம். அதாவது 640 மடங்கு! பிப்ரவரி 1 அன்று பூமிக்குத் திரும்புகையில் ஓடம் சிதறி, கல்பனா சாவ்லா உட்பட ஏழு பேர் உயிரிழந்தனர். ஸ்லைடுதான் காரணம் என்று சொல்ல முடியாது. ஆனால் விசாரணைக் குழு தன் அறிக்கையில் இந்த ஸ்லைடையே எடுத்துக்காட்டிக் குறை கூறியது.

எனவே சொல்ல வந்த செய்தியையே தலைப்பாக வையுங்கள். குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் பேசுகிறீர்கள் என்று வைத்துக் கொள்வோம். ‘தண்ணீர் நிலவரம்’ என்று தலைப்பிட்டால் யாரும் நிமிர்ந்து பார்க்க மாட்டார்கள். ‘லாரித் தண்ணீருக்கு மட்டும் இந்த மாதம் 18,000 ரூபாய்’ என்று போட்டுப் பாருங்கள். நீங்கள் வாய் திறக்கும் முன்பே கேள்விகள் வரும். அதன் கீழ் ஒரு படமோ சிறிய சார்ட்டோ போதும்.

மற்ற விவரங்களை ஸ்லைடுக்குக் கீழே உள்ள நோட்ஸ் பகுதியில் டைப் செய்திடுங்கள். லேப்டாப்பில் புரொஜக்டரை இணைத்தபின், விண்டோஸ் கீயுடன் பி கீயை அழுத்தி ‘எக்ஸ்டெண்ட்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். ஸ்லைட் ஷோ டேபில் ‘யூஸ் பிரசன்டர் வியூ’ என்பதையும் டிக் செய்திடவும். எப்5 அழுத்தினால் திரையில் ஸ்லைடு மட்டும் தெரியும். உங்கள் குறிப்புகள் லேப்டாப்பில் உங்களுக்கு மட்டும்!

பேச்சின் முக்கியமான இடத்தில் பி கீயை மட்டும் தட்டுங்கள். திரை கறுப்பாகிவிடும், எல்லோர் பார்வையும் உங்கள் மீது திரும்பும். மீண்டும் தட்டினால் ஸ்லைடு வந்துவிடும். எழுத்துகளைப் பறக்கவிடும் அனிமேஷன் வித்தைகளைவிட இது நன்றாக வேலை செய்கிறது.

தமிழில் ஸ்லைடு அமைப்பவர்களுக்கு இன்னொரு தொல்லை உண்டு. உங்கள் கம்ப்யூட்டரில் உள்ள எழுத்துரு அந்த ஹாலின் கம்ப்யூட்டரில் இல்லாமல் போகலாம். பழைய, யூனிகோட் அல்லாத எழுத்துரு என்றால் ஆங்கில எழுத்துகளின் குவியல்தான் தெரியும். யூனிகோட் எழுத்துருவையே பயன்படுத்துங்கள். பென் டிரைவில் ஒரு பி.டி.எப். காப்பியும் இருக்கட்டும்.

முதல் நாளே வீட்டில் ‘ரிஹர்ஸ் டைமிங்ஸ்’ கிளிக் செய்து, வாய்விட்டுப் பேசிப் பாருங்கள். எத்தனை நிமிடம் ஆகிறது என்பது தெரிந்துவிடும். முடிவில் நேரத்தைச் சேமிக்கவா என்று கேட்கும், ‘நோ’ கொடுங்கள். ‘எஸ்’ கொடுத்தால், மேடையில் நீங்கள் பேசிக் கொண்டிருக்கும்போதே ஸ்லைடு தானாக அடுத்ததற்கு ஓடிவிடும்.