தாழ்சுரத்தின் நேரக்கணக்கு: பேஸ் கிதாரும் கம்ப்ரஸர் பெடலும்

மின் இசைக்கருவிகளுள் வாசிப்பவரின் கைப்பழக்கத்தில் உள்ள ஏற்றத்தாழ்வை எளிதில் காட்டிக்கொடுத்துவிடுவது பேஸ் கிதார். நான்கு தந்திகள் கொண்ட அதன் வழக்கமான சுருதி அமைப்பில் தடித்த ஈ தந்தி விநாடிக்கு ஏறத்தாழ 41 முறையும், மெல்லிய ஜி தந்தி 98 முறையும் அதிர்கின்றன; ஐந்தாவதாக பி தந்தி சேரும்போது கீழெல்லை 31 ஹெர்ட்ஸ் வரை இறங்கிவிடுகிறது. இத்தகைய தாழ்ந்த அதிர்வெண்களைச் செவி வாங்கிக்கொள்ளும் விதம் நடுத்தர அதிர்வெண்களுக்கு உரியதிலிருந்து வேறுபட்டது. பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த ஹார்வி ஃப்ளெட்சரும் வில்டன் மன்சனும் 1933ஆம் ஆண்டு வெளியிட்ட சம ஒலிப்பு வளைகோடுகளிலிருந்து இதுபற்றி இரண்டு செய்திகள் புலப்படுகின்றன. தாழ்ந்த ஒலி காதுக்கு எட்டுவதற்கே கூடுதல் ஆற்றல் தேவைப்படுகிறது என்பது ஒன்று. அவ்வாறு எட்டிய பின்னர், அதன் ஆற்றலில் நேரும் சிறிய மாற்றமும் செவிக்குப் பெரிய மாற்றமாகத் தோன்றுகிறது என்பது மற்றொன்று. முதலாவது பலரும் அறிந்தது. பேஸ் வாசிப்பவருக்கு உண்மையில் தொல்லை தருவது இரண்டாவதுதான். கிதாரில் கவனிக்கப்படாமல் போகும் இரண்டு மூன்று டெசிபல் வேறுபாடு, பேஸில் ஒரு சுரம் முழங்கி அடுத்த சுரம் காணாமற்போவதாகக் கேட்கும்.

இந்த ஏற்றத்தாழ்வைச் சுருக்கித் தருவதே கம்ப்ரஸரின் வேலை. உள்ளே வரும் மின்னலையின் அளவை ஒரு சுற்று இடைவிடாமல் கணித்துக்கொண்டிருக்க, அவ்வளவு ஒரு குறிப்பிட்ட வரம்பைத் தாண்டும்போது மற்றொரு சுற்று பெருக்கத்தைக் குறைக்கிறது. அந்த வரம்பு த்ரெஷோல்டு எனப்படும். தாண்டிய பகுதி எந்த விகிதத்தில் சுருக்கப்பட வேண்டும் என்பதைக் குறிப்பது ரேஷியோ. விகிதம் 4:1 எனக் கொண்டால், வரம்பை 12 டெசிபல் தாண்டி வந்த சுரம் 3 டெசிபல் மட்டுமே தாண்டியதாக வெளியேறுகிறது. எஞ்சிய 9 டெசிபல் குறைக்கப்பட்டுவிடுகிறது. விகிதத்தை 20:1 என்னும் அளவுக்கு உயர்த்தினால் வரம்பு ஏறக்குறைய ஒரு சுவராக மாறிவிடுவதால், அந்நிலையில் கருவி லிமிட்டர் என்று அழைக்கப்படுகிறது. குறைந்துபோன ஒலியளவை ஈடுகட்டுவதற்கு இறுதியில் உள்ள குமிழைத் திருப்பி 9 டெசிபல் ஏற்றும்போது, வலிய சுரங்கள் பழைய நிலைக்குத் திரும்புகின்றன. மெலிந்த சுரங்களோ முன்னிருந்ததைவிட உயர்கின்றன. அவற்றோடு பிக்கப்பின் இரைச்சலும் விரல் தந்தியில் உராயும் ஓசையும் அதே 9 டெசிபல் உயர்கின்றன என்பதை விளம்பரங்கள் சொல்வதில்லை.

இதுவரை கூறியவை அளவு பற்றியவை. ஆனால் பேஸில் கம்ப்ரஸரின் குணத்தைத் தீர்மானிப்பது அளவைவிட நேரமே என்பதால், வரம்பையும் விகிதத்தையும் பற்றி நீண்ட விவாதங்கள் நடக்கும் அளவுக்கு நேரக் குமிழ்கள் இரண்டும் கவனிக்கப்படாதிருப்பது வியப்புக்குரியது. வரம்பு தாண்டப்பட்ட பிறகு சுருக்கம் முழுமையாகச் செயல்பட எடுத்துக்கொள்ளும் நேரம் அட்டாக்; ஒலி வரம்புக்குக் கீழே இறங்கிய பிறகு பெருக்கம் பழைய நிலைக்கு மீள எடுத்துக்கொள்ளும் நேரம் ரிலீஸ். 41 ஹெர்ட்ஸில் ஓர் அலை தன் சுற்றை முடிக்க ஏறத்தாழ 24 மில்லிவிநாடி ஆகிறது. அட்டாக்கும் ரிலீஸும் இதைவிட மிகக் குறுகியனவாக வைக்கப்பட்டால், கம்ப்ரஸர் சுரத்தின் ஏற்றயிறக்கத்தைப் பின்தொடர்வதை விட்டுவிட்டு அலையின் ஏற்றயிறக்கத்தையே பின்தொடரத் தொடங்குகிறது. அலையின் மேலுச்சியிலும் கீழுச்சியிலும் பெருக்கம் குறைந்து இடையில் மீள்வதால் விநாடிக்கு 82 முறை அது ஆடுகிறது. அந்த ஆட்டம் மூல அலையோடு பெருக்கப்படும்போது, வாசிக்கப்படாத 123 ஹெர்ட்ஸ் ஒலி, அதாவது மூன்றாம் ஹார்மோனிக், புதிதாகப் பிறக்கிறது. உயர் அதிர்வெண்களில் தீங்கின்றிச் செயல்படும் அதே அமைப்பு பேஸில் சிதைவை உண்டாக்குவதற்குக் காரணம் இதுதான். ராக் இசையில் சிலர் இந்தச் சிதைவை விரும்பியே தேடுகின்றனர் என்பது வேறு செய்தி.

அட்டாக்கைச் சற்று நீட்டும்போது வேறொரு பயன் கிட்டுகிறது. விரல் தந்தியை விடுவிக்கும் முதல் சில மில்லிவிநாடிகளில் எழும் கூரிய ஓசை சுருக்கப்படாமல் தப்பிச் செல்ல, அதைத் தொடரும் உடல்பகுதி மட்டும் அடங்குகிறது. ஆகவே சுரம் சமன்பட்டிருந்தும் அதன் தொடக்கம் முன்னைவிடத் தெளிவாகக் கேட்கிறது. ரிலீஸைப் பொறுத்தவரை பாட்டின் வேகமே அளவுகோல். நிமிடத்திற்கு 120 அடிகள் செல்லும் பாட்டில், ஓர் அடிக்கு இரண்டு சுரங்கள் வாசிக்கப்பட்டால் ஒவ்வொன்றுக்கும் இடையே 250 மில்லிவிநாடி உள்ளது. மீட்சி அதற்குள் முடிந்தால் ஒவ்வொரு சுரமும் புதிதாகத் தொடங்கும். முடியாவிட்டால் இரண்டாவது சுரம் பாதி அமுக்கப்பட்ட நிலையிலேயே பிறக்கும்.

ஒலிப்பதிவுக் கூடங்களில் பேஸுக்குப் புகழ்பெற்ற பழைய கருவிகள், உண்மையில் இந்த நேரக்கணக்கை வெவ்வேறு வழிகளில் தீர்த்தவையே. 1960களில் டெலிட்ரானிக்ஸ் நிறுவனத்திற்காக ஜேம்ஸ் லாரன்ஸ் வடிவமைத்த எல்ஏ-2ஏ கருவியில், ஒலிக்கேற்ப ஒளிரும் ஒரு தகட்டின் வெளிச்சம், ஒளியால் மின்தடை மாறும் உணர்வியின் மீது படுகிறது. அதன் அட்டாக் சராசரியாக 10 மில்லிவிநாடி. மீட்சியின் முதற்பாதி ஏறத்தாழ 60 மில்லிவிநாடியில் முடிய, எஞ்சிய பாதி ஒரு விநாடியிலிருந்து பல விநாடிகள் வரை நீள்கிறது. நேரக் குமிழ்கள் அதில் இல்லை. அந்த உணர்வியின் மந்தமான இயல்பே பேஸுக்குப் பொருந்திவிட்டது. இதற்கு நேர்மாறானது, பில் பட்னம் 1967ஆம் ஆண்டு கொணர்ந்த 1176. புலவிளைவு டிரான்சிஸ்டரால் இயங்கும் அதன் அட்டாக், மில்லிவிநாடியில் ஐம்பதில் ஒரு பங்கு வரை குறுகக்கூடியது. மிக நீட்டி வைத்தாலும் ஒரு மில்லிவிநாடியை எட்டாது. அதன் நேரக் குமிழ்களை வலப்புறம் திருப்பத் திருப்ப நேரம் குறையும் என்பதால், பழகாதவர் மெதுவாக்குவதாக எண்ணி விரைவாக்கிவிடுவது இன்றும் நிகழ்கிறது. 1970களில் டேவிட் பிளாக்மரின் டிபிஎக்ஸ் 160, உச்சியைக் கணக்கிடாமல் ஒலியின் சராசரி ஆற்றலைக் கணக்கிட்டு, அட்டாக்கையும் ரிலீஸையும் உள்ளே வரும் ஒலியே முடிவுசெய்யும்படி விட்டது.

காலால் மிதித்து இயக்கும் பெடல் வடிவம் பரவியது இதே 1970களில்தான். அமெரிக்காவின் ராச்செஸ்டர் நகரிலிருந்து வந்த எம்எக்ஸ்ஆர் நிறுவனத்தின் டைனா காம்ப், சிஏ3080 என்னும் ஒருங்கிணைந்த சுற்றைக் கொண்டு இரண்டே குமிழ்களுடன் வெளிவந்தது. கிதாருக்கு அது உகந்ததாக இருந்தது. நேரத்தைத் திருத்தும் வழி அதன் முதல் வடிவில் இல்லாததால் பேஸ் வாசிப்பவர்கள் கிடைத்ததை ஏற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. பின்னர் பேஸுக்கென்றே வந்த பெடல்கள் இக்குறையைப் பலவாறு தீர்த்தன. எம்எக்ஸ்ஆரின் எம்87 பெடலில் அட்டாக், ரிலீஸ், ரேஷியோ ஆகிய மூன்றுக்கும் தனித்தனிக் குமிழ்கள் இருப்பதோடு, எவ்வளவு சுருக்கப்படுகிறது என்பதை விளக்கு வரிசையும் காட்டுகிறது. ஸ்வீடனின் ஈபிஎஸ் நிறுவனத்து மல்டிகாம்ப், ஒலியைத் தாழ்பகுதி, உயர்பகுதி எனப் பிரித்துத் தனித்தனியே சுருக்கும் வசதியைத் தருகிறது.

இவ்வாறு பிரிப்பதன் தேவை, அளவைக் கணிக்கும் சுற்றின் ஒரு பலவீனத்திலிருந்து எழுகிறது. தடித்த தந்தியின் தாழ்ந்த ஒலியில் ஆற்றல் மிகுதி. அது வரம்பைத் தாண்டும் ஒவ்வொரு முறையும் அதோடு ஒலிக்கும் உயர்ந்த சுரங்களும் காரணமின்றி அமுக்கப்படுகின்றன. கணிக்கும் சுற்றுக்கு மட்டும் தாழ்பகுதியை வடிகட்டி அனுப்புவது இதற்கு எளிய தீர்வு. வெளியேறும் ஒலியில் தாழ்பகுதி அப்படியே இருக்கும், ஆனால் முடிவெடுப்பதில் அதன் குரல் குறையும். சுருக்கிய ஒலியையும் சுருக்காத ஒலியையும் கலந்து தரும் பிளெண்ட் குமிழ் வேறொரு வழி. கட்டைவிரலால் தந்தியை அறைந்தும் சுண்டியும் வாசிக்கும், லாரி கிரகாம் பரப்பிய ஸ்லாப் முறைக்கு இதுவே மிகவும் ஏற்றது என்று சொல்லலாம். அறையின் கூர்மை சுருக்காத பாதையில் தப்ப, சுரத்தின் நீட்சியைச் சுருக்கிய பாதை தாங்குகிறது.

பெடல் வரிசையில் கம்ப்ரஸரின் இடமும் விளைவை மாற்றும். டிஸ்டார்ஷன் பெடல் தானே அலையின் உச்சிகளை வெட்டிச் சமன்செய்துவிடுவதால் அதற்குப் பின்னால் கம்ப்ரஸருக்கு வேலை குறைவு. முன்னால் வைத்தால் சிதைவு சுரத்துக்குச் சுரம் சீராக அமையும். மீட்டும் வலிமைக்கேற்பத் திறந்து மூடும் என்வெலப் ஃபில்டருக்கு முன்னால் வைப்பதோ, அந்த ஃபில்டர் நம்பியிருக்கும் வேறுபாட்டையே அழித்துவிடும். 1969ஆம் ஆண்டு வந்த 300 வாட் ஆம்பெக் எஸ்விடி போன்ற வால்வு ஆம்ப்ளிஃபயர்களை உச்சத்தில் இயக்குவோருக்கு, அவ்வால்வுகளே ஓரளவு கம்ப்ரஸர்தான்.

டெட்ராய்ட்டின் மோடவுன் கூடத்தில் ஜேம்ஸ் ஜேமர்சன் ஒற்றைச் சுட்டுவிரலால், வழவழப்பான தந்திகளில், பாலத்தருகே நுரைப்பஞ்சு வைத்து வாசித்த சுரங்கள், பெருமளவு கையிலேயே சமன்பட்டுப் பிறந்தவை. கம்ப்ரஸர் அத்தகைய வாசிப்புக்கு மெருகூட்டும். அந்தச் சமன் கையில் இல்லாத இடத்தில் அதை உண்டாக்காது. மெலிதாக மீட்டப்பட்ட தந்தியும் அழுத்தமாக மீட்டப்பட்ட தந்தியும் அளவில் மட்டுமன்றி ஹார்மோனிக்குகளின் சேர்மானத்திலும் வேறுபடுவதால், அளவைச் சமன்செய்த பிறகும் அந்த நிறவேறுபாடு எஞ்சிநிற்கும். கழுத்தின் அதிர்வோடு மோதிச் சில ஃப்ரெட்டுகளில் சுரம் விரைந்து மடியும் குறையையும் பெடல் ஓரளவே மறைக்கும். மேடையில் ஒலிக்கட்டுப்பாட்டாளர் தம் மிக்ஸரில் இன்னொரு கம்ப்ரஸரைப் பேஸுக்கு வைத்திருப்பது வழக்கம் என்பதால், வலிய சுரங்களில் மட்டும் 3 முதல் 6 டெசிபல் குறையும்படி பெடலை அமைப்பது போதுமானது. அட்டாக்கையும் ரிலீஸையும் தேர்ந்தெடுக்கும்போது மட்டும் வரம்பைத் தாழ்த்தி விகிதத்தைக் கூட்டி, அவற்றின் விளைவு மிகைப்பட்டுக் கேட்கும்படி செய்து, முடிவானபின் வரம்பையும் விகிதத்தையும் பழைய நிலைக்குத் திருப்பிவிடுவது நடைமுறையில் பயன்படும் வழி.