பர்னரை அடைக்கும் தக்காளி! தோசைக்கல் இருக்க பயம் ஏன்?

'சல்சா' என்று ஒரு சட்னி. மெக்சிகோ நாட்டுச் சரக்கு. தக்காளியையும் மிளகாயையும் சுட்டு, கல்லில் வைத்து நசுக்கினால் சல்சா ரெடி! எண்ணெய் கிடையாது. தாளிப்பு கிடையாது. காலையில் மின்சார ரெயிலைப் பிடிக்க ஓடும் தாம்பரம்வாசிகளுக்கு ஏற்ற அயிட்டம்.

"அட, இது நம்ம சுட்ட தக்காளி சட்னி ஆச்சே!" என்று வீட்டுப் பாட்டி சொன்னால் தப்பில்லை. விறகு அடுப்புத் தணலில் தக்காளியைச் சுட்டுப் பிசைவது நம் ஊர்ப் பழக்கம்தான். ஆனால், தக்காளி, மிளகாய் இரண்டுக்குமே பூர்வீகம் அமெரிக்கக் கண்டம். கப்பல் ஏறி வந்த விருந்தாளிகள்!

டப் என்று வெடிக்கும்

குரோம்பேட்டை, சேலையூர் அடுக்குமாடி வீடுகளில் தணலுக்கு எங்கே போவது? கத்தரிக்காய் சுடுவது போல தக்காளியையும் கேஸ் தீயில் நேராகக் காட்டுகிறார்கள். வம்பு அங்கேதான்.

தக்காளிக்குள் இருப்பது பெரும்பாலும் தண்ணீர். சூட்டில் அது ஆவியாகும். தோல் தாங்காது. 'டப்' என்று வெடிக்கும். சாறு பர்னர் ஓட்டைகளில் இறங்கி அடைத்துக்கொள்ளும். அப்புறம் தீ மஞ்சளாக எரியும். பாத்திரத்தின் அடி கரி பிடிக்கும். கேஸ் வீண்!

சாறு கொட்டித் தீ அணைந்தால் இன்னும் மோசம். கேஸ் மட்டும் வந்துகொண்டே இருக்கும். வாடை வந்தால் ரெகுலேட்டரை மூடுங்கள். கதவு, ஜன்னலைத் திறங்கள். லைட் ஸ்விட்சைத் தொடவே கூடாது. வெளியே வந்து 1906-க்கு போன் போடலாம்.

பச்சை மிளகாய் இன்னும் பொல்லாதது. கீறாமல் சுட்டால் வெடித்து விதை கண்ணில் தெறிக்கும்.

மெக்சிகோவிலும் தோசைக்கல்!

மெக்சிகோக்காரர்கள் இதற்கு ஒரு தட்டைக் கல் வைத்திருக்கிறார்கள். பெயர் 'கோமால்'. பார்த்தால் நம்ம தோசைக்கல்லேதான்! நசுக்குவதற்கு எரிமலைக் கல்லில் செய்த மூன்று கால் உரல்.

ஆகவே, நாலு தக்காளி, கீறிய பச்சை மிளகாய் இரண்டு, தோலோடு நாலு பல் பூண்டு. காய்ந்த கல்லில் போட்டுத் திருப்பித் திருப்பி விடுங்கள். மிளகாயும் பூண்டும் முந்திக்கொள்ளும், முதலில் எடுத்துவிடுங்கள். தக்காளி அங்கங்கே கருகிக் குழைய பத்துப் பன்னிரண்டு நிமிடம் ஆகும். ஜன்னல் திறந்திருக்கட்டும். இல்லாவிட்டால் மிளகாய்ப் புகையில் வீடே இருமும்!

ஒரு எச்சரிக்கை. தக்காளிப் புளிப்பு இரும்புக் கல்லின் எண்ணெய்ப் பிடிப்பைத் தின்றுவிடும். மறுநாள் தோசை ஒட்டும். வீட்டில் சண்டை வரும். பழைய சப்பாத்திக் கல் நல்லது. நான்ஸ்டிக் கல்லை வெறுமனே காயவிடுவது கூடாது. அதன் பூச்சு கெடும்.

ஆறிய பிறகு தோலை முக்கால்வாசி உரியுங்கள். கொஞ்சம் கருகல் இருக்கட்டும், ருசியே அதில்தான். உப்பு சேர்த்து இடி உரலில் நசுக்குங்கள். மிக்சி என்றால் இரண்டே சுற்று. சூட்டோடு போட்டால் ஆவி மூடியைத் தூக்கி அடிக்கும்! கடைசியில் பொடி வெங்காயம், கொத்தமல்லி, எலுமிச்சைச் சாறு.

எந்தத் தக்காளி?

மேற்குத் தாம்பரம் சண்முகம் சாலையில் வாங்கும்போது பார்த்து வாங்குங்கள். நாட்டுத் தக்காளியில் புளிப்பும் சாறும் அதிகம். கல்லில் சீக்கிரம் உடையும். கெட்டியான பெங்களூர் தக்காளி சுடுவதற்குத் தோது. புளிப்புக்குத்தான் எலுமிச்சை இருக்கிறதே!

விலை மட்டும் யார் கையிலும் இல்லை. சென்னைக்குத் தக்காளி பெரும்பாலும் ஆந்திரா, கர்நாடகாவிலிருந்து வரவேண்டும். வரத்து குறைந்தால் விலை எகிறும். 2023 ஜூலையில் கிலோ 100 ரூபாயைத் தாண்டியது. அரசே ரேஷன் கடைகளில் 60 ரூபாய்க்கு விற்றது. அந்த விலையில் பர்னருக்குள் ஒரு தக்காளி போனாலும் வயிறு எரியும்!

ஆபீஸ் டப்பாவில் தயிர் சாதத்துக்கு ஜோடி சேர்ப்பவர்கள், வெங்காயத்தைத் தனியாகக் கட்டிக்கொண்டு போய் மதியம் கலந்துகொள்ளலாம். எண்ணெயில் வதக்காத சரக்கு என்பதால், மிச்சத்தை பிரிட்ஜில் வைத்து இரண்டு நாளில் முடித்துவிட வேண்டும்.