சஹாரா கேட்ட செஞ்சிச் சீமை நீலம்

19ஆம் நூற்றாண்டில் செனகல் ஆற்றங்கரையில் நீலத் துணி விற்பது லேசான வேலையல்ல. பாலைவனத்திலிருந்து வரும் மூர் வணிகர்கள் துணியைத் தடவிப் பார்ப்பார்கள், மினுமினுப்பைப் பார்ப்பார்கள், மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தும் பார்ப்பார்கள். ஐரோப்பிய ஆலைகள் அதே நீலத்தில் போலித் துணி நெய்து அனுப்பிப் பார்த்தன, எடுபடவில்லை. மூர்களுக்குப் புதுச்சேரித் துணிதான் வேண்டும். அதுதான் அங்கே ஃபேஷன்.

பிரெஞ்சுக்காரர்கள் 'கினே' என்று அழைத்த அந்தத் துணியின் நிறம், அவுரி என்னும் செடியிலிருந்து வந்தது. செஞ்சியும் திண்டிவனமும் அடங்கிய அன்றைய தென்னார்க்காடு மாவட்டம், சென்னை மாகாணத்தில் அவுரி செழித்த சீமைகளில் ஒன்று. செஞ்சியின் ராஜகிரிக் கோட்டையை 1750 முதல் 1761 வரை பிடித்து வைத்திருந்த பிரெஞ்சுக்காரர்கள் அதை ஆங்கிலேயரிடம் இழந்தார்கள். நீல வியாபாரமோ அதற்குப் பிறகும் புதுச்சேரி வழியாக வளர்ந்தது.

அவுரிச் செடியைப் பார்த்தால் நீலத்தின் சுவடே தெரியாது. இலை பச்சை. அதற்குள் இருப்பது இண்டிகன் என்ற நிறமற்ற பொருள். தழையைத் தொட்டியில் ஊறவைத்தால், நொதிகள், அதாவது உயிர்கள் தம் வேதிவேலைகளை விரைவாக்க உண்டாக்கும் புரதங்கள், இண்டிகனை உடைக்கின்றன. பிறகு அந்த நீரை வெகுநேரம் அடித்துக் கலக்குவார்கள். நறுக்கிய வாழைத்தண்டு காற்றுப் பட்டுக் கறுப்பதுபோல, தொட்டி நீர் காற்றுப் பட்டு நீலமாகிறது. அடியில் தங்கும் வண்டலைக் காய்ச்சி, வடிகட்டி, துண்டு போட்டு உலர்த்தினால் நீலக் கட்டி. நூறு கிலோ தழைக்கு ஒரு கிலோகூடத் தேறாது.

இனிதான் சிக்கல். அந்த நீலம் தண்ணீரில் கரையாது. கரையாத சாயம் நூலுக்குள் எப்படிப் போகும்? நம் சாயக்காரர்கள் கண்ட வழி, நீலத்தைக் கொஞ்ச நேரம் நீலமில்லாமல் ஆக்குவது. நீலக் கட்டியைச் சுண்ணாம்பு நீரில் கலந்து, வேகவைத்த தகரை விதையைச் சேர்த்துப் புளிக்கவிட்டார்கள். விதையைத் தின்று பெருகும் பாக்டீரியாக்கள் நீலத்தை ஒடுக்குகின்றன. ஒடுக்கம் என்பது இங்கே மூலக்கூறில் ஹைட்ரஜன் ஏறுவது. ஒடுங்கிய சாயம் மஞ்சள் கலந்த பச்சையாகி, சுண்ணாம்பு நீரில் கரைந்துவிடும்.

தொட்டியில் முக்கி எடுத்த துணி முதலில் மஞ்சளும் பச்சையுமாகத்தான் வெளிவரும். காற்றில் விரித்ததும் பச்சை ஓரத்திலிருந்து கருத்து, சில நிமிடங்களில் முழுதும் நீலமாகிவிடும். நூலுக்குள் நுழைந்த சாயம் மறுபடி கரையாத பொருளாகி உள்ளேயே சிறைப்படுகிறது. ஒருமுறை முக்கினால் வெளிர்நீலம்; கருநீலம் வேண்டுமென்றால் முக்குவதும் உலர்த்துவதும் பல முறை நடக்க வேண்டும்.

கருநீலத்தில் இன்னொரு நுட்பம் உண்டு. மேலும் மேலும் ஏறிய சாயத்தில் ஒரு பங்கு நூலின் மேற்பரப்பிலேயே தங்கி, உரசும்போது உதிரும். தோலில் நீலம் ஒட்டுவதை மூர்கள் அழகாகக் கருதினார்கள். சாயம் போவது ஓர் ஊரில் குறை. இன்னோர் ஊரில் அதுவே நயம்.

துணிக்கு மூர்கள் தந்த விலை வேல மரப் பிசின். அந்தப் பிசின் ஐரோப்பாவுக்குப் போய், பருத்தித் துணியில் பூ அச்சடிக்கும் சாயத்தைக் கெட்டியாக்கியது. பூப்போட்ட துணி மோகத்தை அங்கே முதலில் கிளப்பியவையும் இந்தியத் துணிகளே. ஆக, சஹாராவின் நீல ஃபேஷன் ஐரோப்பாவின் பூ ஃபேஷனுக்குப் பிசின் வாங்கித் தந்தது. கினே துணி பெரும்பாலும் முதலில் பிரான்சுக்குப் போய், அங்கிருந்தே செனகலுக்குக் கப்பலேறியது.

1897இல் ஜெர்மனியின் பி.ஏ.எஸ்.எஃப். (BASF) நிறுவனம் செயற்கை நீலத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. மூலக்கூறு அதேதான், விலை மலிவு. அவுரி வயல்கள் சுருங்கின. இன்று ஜீன்ஸுக்கு நிறம் தருவது பெரும்பாலும் இந்தச் செயற்கை நீலமே. முழங்காலில் அது வெளுப்பதற்கும் நூலின் மேற்பரப்பில் தங்கிய சாயம் உதிர்வதே காரணம். வெளுத்த ஜீன்ஸை ஆசையாக உடுத்தும் இளைஞரின் ரசனை, மூர் வணிகரின் ரசனைக்கு உறவுதான்.

இயற்கைச் சாயத்தின் மீது உலகுக்கு ஆசை திரும்பியிருக்கும் இந்நாளில், திண்டிவனம் வட்டாரத்தில் அவுரி பயிரிட்டு நீலம் எடுக்கிறார்கள். ஃபேஷனை மேலோட்டமான விஷயம் என்று ஒதுக்குவது தவறு. எங்கோ ஒருவர் விரும்பும் நிறம், இங்கே ஒரு விவசாயி என்ன விதைப்பது என்பதைத் தீர்மானிக்கிறது. அந்த விருப்பத்தை நிறைவேற்றும் வேதியியலை, அதற்கு ஒரு பெயர்கூடத் தெரியாமலே, நம் சாயக்காரர்கள் கையாண்டிருக்கிறார்கள்.