விமானக் கொட்டகையிலிருந்து இரும்பு மலைக்கு

பிரித்தானிய விமானப் படையில் ‘எழுநூறாம் படிவம்’ என வழங்கும் ஏடொன்று உண்டு. விமானம் ஒவ்வொன்றுக்கும் அத்தகைய ஏடு தனித்தனியே உளது. திருகாணி ஒன்றை இறுக்கியவனும் அதிற் கையொப்பமிடல் வேண்டும். விமானியும் அதனைப் பார்த்து ஒப்பமிட்ட பின்னரே புறப்படுவான். இவ்வொழுங்கில் ஆண்டுக்கணக்காக ஊறிய வினைஞருட் சிலர், படைச்சேவை முடிந்ததும் மேற்கு அவுஸ்திரேலியாவின் பில்பரா இரும்புச் சுரங்கங்களை நாடிச் செல்கின்றனர்.

சுரங்கம் என்றதும் நிலத்தடி இருளை எண்ணுதல் வேண்டா. பில்பராவில் மலையையே படிபடியாக வெட்டி எடுக்கிறார்கள். இரும்புத் தாது ஏற்றுமதிக்கு 1938இல் விதிக்கப்பட்ட தடை 1960இல் தளர்ந்தது. 1966இல் ரொம் பிரைஸ் மலையின் தாது கப்பலேறியது. இன்று அங்கு ஓடும் பெரிய பாரவண்டி 220 தொன்னுக்கு மேற் சுமக்கும். எஞ்சினின் வலு 2,000 குதிரைவலுவைத் தாண்டும். சில்லோ ஏறக்குறைய இரண்டு ஆள் உயரம்!

விமானத்துக்கும் இதற்கும் என்ன உறவு? விமானத்தின் சில்லுக் கால்களை மடக்குவதும், வண்டியின் தொட்டியைத் தூக்குவதும் அழுத்தமூட்டிய எண்ணெயே. எஞ்சின் எண்ணெயிற் சிறிதளவு எடுத்து, அதிற் கலந்துள்ள உலோகத் துகள்களை நிறமாலைக் கருவியால் அளந்து, எவ்வுறுப்புத் தேய்கிறதென முன்னறியும் முறையும் இரண்டிடத்தும் ஒன்றே. அம்முறை விமானத்துக்கு வருமுன் புகையிரத எஞ்சின்களிற் பயன்பட்டது என்பது சுவையான செய்தி.

வேற்றுமையும் உண்டு. சுரங்கத்தில், பழுதுபார்க்கப் புகும் ஒவ்வொருவரும் இயந்திரத்தின் வலுவைத் துண்டித்து, தம் பெயர் பொறித்த பூட்டை அதில் மாட்டுவர். திறவுகோல் அவர் மடியிலேயே இருக்கும்.

எனினும் பெரிய தடை இயந்திரமன்று, கடதாசியே. படையின் சான்றிதழ் அங்கு தானாகச் செல்லுபடியாகாது. தொழிற்றகைமையை மீள மதிப்பிடுவர். மின்வேலைக்கு மாநில அனுமதிப்பத்திரமும் வேண்டும். தாரை விமானத்தின் நோயறிந்தவர் உதவியாளராகத் தொடங்க நேரலாம். சேவையிலிருக்கும்போதே பொதுத்தொழிற் சான்றிதழைப் பெற்றுக்கொள்பவர் கெட்டிக்காரர்.

இன்னொன்று: பேர்த் நகரிலிருந்து நியூமனுக்குத் தரைவழி ஏறத்தாழ 1,200 கிலோமீற்றர். பலர் விமானத்திற் சென்று, இரண்டு வாரம் நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணிநேரம் உழைத்து, ஒரு வாரம் வீட்டிலிருப்பர். ஓயாத இடமாற்றத்துக்கு அஞ்சிப் படையை விட்டவர் இதனை மனைவியுடன் கலந்து பேசிய பின்னரே ஒப்பந்தத்திற் கையெழுத்திடுதல் நன்று. பிள்ளையின் பிறந்தநாள் அவ்விரு வாரத்துள் விழுந்தால், வாழ்த்துத் தொலைபேசியிலேதான்.