பழைய இரும்பு – 7: வேற இன்ஜின்தான், ஆனா இதே இன்ஜின்

ஒருவர் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து கிளட்ச்சை மிதிக்க வேண்டும். இன்னொருவர் முன்னால் குந்திக்கொண்டு கிராங்க் புல்லியைப் பார்க்க வேண்டும். ஸ்டாண்டர்டு ஹெரால்டு வாங்கப் போகிறேன் என்று யார் வந்தாலும் நான் முதலில் சொல்வது இந்தச் சோதனையைத்தான். புல்லி அசையவில்லை என்றால் மேற்கொண்டு விலை பேசலாம். மிதிக்கும்போதெல்லாம் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி முன்னால் வந்து போனால், அந்த இன்ஜினுக்கு நாள் நெருங்கிவிட்டது.

ஆலங்காயத்தில் என் மாமாவின் இரண்டு கதவு ஹெரால்டுக்கு அந்த நாள் காவலூர் மலைச்சாலையில் வந்தது. வைணு பாப்பு வானாய்வகம் இருக்கிற காவலூர் 725 மீட்டர் உயரம்தான். ஜவ்வாது மலை ஊட்டி அல்ல. ஆனால் வளைவுக்கு வளைவு கியர் மாற்ற வேண்டும், எதிரே பஸ் வந்தால் ஒதுங்கி நின்று மறுபடி நகர்த்த வேண்டும். எல்லாவற்றுக்கும் கிளட்ச். ஒவ்வொரு மிதியும் கிராங்க் ஷாஃப்டை முன்பக்கமாகத் தள்ளும். அதைத் தாங்க இந்த இன்ஜினில் இருப்பது, பின்பக்க மெயின் பேரிங்கின் இரு புறமும் செருகியிருக்கும் பிறை வடிவ த்ரஸ்ட் வாஷர்கள் இரண்டே இரண்டு. தேய்ந்து மெலிந்தால் அவை நழுவி ஆயில் சம்ப்புக்குள் விழும். அதற்குப் பிறகு கிராங்க் ஷாஃப்ட் நேராக பிளாக்கை அரைக்கும்.

வாணியம்பாடியிலிருந்து வந்த மெக்கானிக் பாய் சம்ப்பை இறக்கி, அடியில் தேங்கியிருந்த கறுப்பு ஆயிலுக்குள் விரலை விட்டுத் துழாவினார். ஒரு வாஷரின் பாதி கிடைத்தது. மேற்பூச்சு முழுக்கப் போய் வெறும் எஃகு பளபளத்தது. டார்ச் அடித்து மேலே பார்த்தார். பேரிங் இருக்கையின் பக்கவாட்டில் வளையமாகப் பள்ளம் விழுந்திருந்தது.

“அப்ப வேற இன்ஜின்தானா பாய்?” என்றார் மாமா.

“வேற இன்ஜின்தான் சார். ஆனா இதே இன்ஜின்.”

அவர் சொன்னதில் எனக்கு முழுச் சம்மதம். ஊரில் ஆளுக்கொரு யோசனை வந்தது. ஜிப்ஸி இன்ஜின் போடு, ஆம்னி இன்ஜின் போடு என்றார்கள். இரண்டும் நீளவாக்கில் உட்கார்ந்து பின்சக்கரத்தைச் சுழற்றுகிற இன்ஜின்கள், காயலான் கடையில் தேடினால் கிடைப்பவை, பாகங்களுக்கும் பஞ்சமில்லை. விலையைக் கேட்டால் ஆசை வரத்தான் செய்யும். ஆனால் இன்ஜின் தனியாக வராது. அதோடு அதன் கியர் பாக்ஸ் வரும். கியர் பாக்ஸ் வந்தால் புரொப்பெல்லர் ஷாஃப்டை வெட்டி ஒட்டி பேலன்ஸ் செய்ய வேண்டும். மவுண்டிங் புதிதாகச் செய்ய வேண்டும், சைலன்சரை வளைக்க வேண்டும், ரேடியேட்டரை மாற்ற வேண்டும், ஸ்பீடோமீட்டர் கேபிளுக்கு வழி தேட வேண்டும். இப்படிப் பாதியில் பணம் தீர்ந்து கொட்டகையில் நின்றுபோன வண்டிகளைத் தமிழ்நாடு முழுக்கப் பார்க்கலாம். அவற்றில் பல, நிறுத்தும்போது பாடி நன்றாக இருந்தவை. அதுதான் வயிற்றெரிச்சல்.

சட்டமும் குறுக்கே நிற்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவுப்படி, தயாரிப்பாளர் கொடுத்த விவரத்துக்கும் ஆர்.சி. புத்தகத்துக்கும் முரண்படுகிற மாதிரி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அதே ரக இன்ஜின் என்றால் பேச்சு வேறு. ஆர்.டி.ஓ. அனுமதியோடு மாற்றி, புதிய இன்ஜின் நம்பரைப் பதிவு செய்துகொள்ளலாம். அதனால் பழைய இன்ஜின் வாங்கும்போது ரசீது வாங்காமல் கடையை விட்டு நகரக் கூடாது. 50 ஆண்டு தாண்டிய வண்டிகளுக்கு 2021-இல் தனி விண்டேஜ் பதிவு வந்தது. கட்டணம் 20,000 ரூபாய், 10 ஆண்டு செல்லும். அதற்கும் வண்டி அசல் வடிவில் இருக்க வேண்டும். அந்தப் பதிவில் கண்காட்சிக்கும் ராலிக்கும் போகலாம், அன்றாடம் ஓட்ட முடியாது. வாணியம்பாடி சந்தைக்கு ஹெரால்டில்தான் போவேன் என்கிற மாமாவுக்கு அது தோதுப்படாது.

இதே இன்ஜினைத் தேடுவது அவ்வளவு சுலபமா என்று கேட்கலாம். இங்கேதான் நம் ஊர்ச் சரித்திரம் கைகொடுக்கிறது. சென்னைக்குத் தெற்கே வண்டலூர் பக்கம் இருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆலையில் 1961 முதல் ஹெரால்டு தயாரானது. இத்தாலியின் மிக்கெலோட்டி வரைந்த வடிவம். பிரிட்டனில் டிரையம்ப் என்ற பெயரில் வந்த ஹெரால்டை அதே ஆண்டே 1,147 சி.சி. இன்ஜினுக்கு மாற்றிவிட்டார்கள். நாம் 948 சி.சி.யிலேயே நின்றோம். இந்தியாவில் மட்டுமே வந்த நான்கு கதவு ஹெரால்டிலும் அதுதான், 1977 வரை அதே ஆலையில் தயாரான கெஸல் காரிலும் அதுதான். அன்றைக்கு அது தேக்கம். இன்றைக்கு மாமா மாதிரி ஆட்களுக்கு அது வரம், ஏனென்றால் ஒரு கெஸல் துருப்பிடித்துச் செத்தாலும் அதன் இன்ஜின் இன்னொரு ஹெரால்டுக்கு உயிர் கொடுக்கும். பிரிட்டனின் டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் ஸ்போர்ட்ஸ் காரும் இதன் உடன்பிறப்பு. 1962-இல் ஹெரால்டின் சேஸியைக் குட்டையாக்கி, இதே இன்ஜின் வம்சத்தின் 1,147 சி.சி.யை வைத்து உருவானது. அந்தக் காருக்கு அங்கே இன்னும் ரசிகர்கள் இருப்பதால்தான் த்ரஸ்ட் வாஷர் போன்ற சாமான்கள் இன்றும் புதிதாகத் தயாராகின்றன.

இன்ஜினும் வண்டியும் பொருந்தாவிட்டால் என்ன ஆகும் என்பதையும் ஸ்டாண்டர்டு இன்ஜின்களே காட்டிவிட்டுப் போயிருக்கின்றன. 1953-இல் வந்த டிரையம்ப் டி.ஆர்.2 ஸ்போர்ட்ஸ் காரில் இருந்த 1,991 சி.சி. இன்ஜின், ஸ்டாண்டர்டு வேன்கார்டு வம்சம். ஃபெர்குசன் டிராக்டரில் உழுததும் அதன் நெருங்கிய உறவுதான். அந்த லேசான காரில் அது மணிக்கு 160 கிலோமீட்டரைத் தாண்டியது. 1985-இல் நம் ஆலை ஸ்டாண்டர்டு 2000 என்று ஒரு காரைக் கொண்டுவந்தது. பாடி, பிரிட்டனில் 3,500 சி.சி. வி8 இன்ஜினோடு 1976-இல் அறிமுகமான ரோவர் எஸ்.டி.1. உள்ளே வைத்தது பழைய வேன்கார்டு வழி வந்த அதே அளவு நான்கு சிலிண்டர். பெரிய காரின் விலையைக் கொடுத்தவர்களுக்குப் பெரிய காரின் ஓட்டம் கிடைக்கவில்லை. ஒரு சில ஆண்டுகளில் ஆலையே மூடிவிட்டது. சோழவரம் ஓடுதளத்தில் ஹெரால்டுகள் பந்தயம் ஓடிய காலத்தை நினைத்தால், அந்த முடிவு எனக்கு இன்னும் ஆறவில்லை.

மாமாவுக்கு ஒரு கெஸலின் இன்ஜின் கிடைத்தது. வாங்கும் முன் பிளக்கைக் கழற்றி, சிலிண்டருக்குள் கொஞ்சம் ஆயில் விட்டு ஊறவைத்து, புல்லி நட்டில் ஸ்பேனர் மாட்டிக் கையால் சுற்றிப் பார்த்தோம். சுற்றியது. சம்ப்பைக் கழற்ற ஒத்துக்கொள்ளாத கடைக்காரரிடம் வாங்காதீர்கள். த்ரஸ்ட் வாஷர் உட்காரும் இடம் பழுதில்லாமல் இருந்தால் மற்றதையெல்லாம் லேத்துப் பட்டறையில் சரிசெய்துவிடலாம்.

பழைய இன்ஜினை இறக்குவது ஹெரால்டில் சந்தோஷமான வேலை. பானட் மட்கார்டோடு சேர்ந்து மொத்தமாக முன்பக்கம் கவிழ்ந்துகொள்ளும், டயர் மேல் உட்கார்ந்தே வேலை பார்க்கலாம். கியர் பாக்ஸை எடுக்க வேண்டுமானால் காருக்குள்ளிருந்தே டன்னல் மூடியைக் கழற்றி எடுத்துவிடலாம். ஒரு செயின் பிளாக், ஒரு இரும்பு முக்காலி, இரண்டு ஆள் போதும்.

பணம் எங்கே போக வேண்டும் என்பதில் நான் பிடிவாதக்காரன். பெயின்டிலும் குரோமிலும் ஒரு ரூபாய்கூட வேண்டாம். கிராங்க் கிரைண்டிங், புது பேரிங், ஆயில் பம்ப், புது த்ரஸ்ட் வாஷர். வாஷர் வழக்கத்தைவிடச் சற்றுத் தடிமனாகவும் கிடைக்கும். போட்ட பிறகு டயல் கேஜ் வைத்து கிராங்க்கின் முன்பின் ஆட்டத்தை அளக்க வேண்டும். 0.10 முதல் 0.20 மில்லிமீட்டருக்குள் நிற்க வேண்டும். சிலிண்டர் போரிங், ரிங் எல்லாம் பட்டறைக்காரருக்குத் தெரிந்த வேலை. ஹெட்டைக் கழற்றியிருக்கும்போதே எக்ஸாஸ்ட் வால்வுக்குக் கெட்டி சீட் போட்டுவிடுவது நல்லது. ஈயம் கலந்த பெட்ரோலுக்குச் செய்த இன்ஜின் இது, அந்தப் பெட்ரோல் 2000 பிப்ரவரியோடு நாட்டில் நின்றுவிட்டது. இப்போது பங்க்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. பழைய ரப்பர் ஹோஸையும் பெட்ரோல் பம்ப் டயாஃபிரமையும் அது தின்றுவிடும். இரண்டையும் மாற்றிவிடுங்கள்.

முதல் ஸ்டார்ட்டுக்கு முன் பாய் நான்கு பிளக்கையும் கழற்றிவிட்டு, ஆயில் விளக்கு அணையும்வரை ஸ்டார்ட்டரை விட்டுவிட்டுச் சுற்றினார். வறண்ட பேரிங்கில் ஒரு நொடிகூட இன்ஜின் ஓடக் கூடாது. பிறகு பிளக்கை மாட்டி சாவியைத் திருப்பினார். வண்டி பிடித்துக்கொண்டதும் மாமாவிடம் அவர் சொன்னது: “ஆயிரம் கிலோமீட்டர் வரைக்கும் காவலூர் ரோட்டுப் பக்கம் போகாதீங்க சார். கீழயே ஓட்டுங்க. அப்புறம் ஆயில மாத்தி, ஹெட்ட ஒரு தடவ டைட் வெச்சுக் குடுக்கறேன். சிக்னல்ல நிக்கும்போது நியூட்ரலுக்கு வந்துருங்க. கிளட்ச மிதிச்சுக்கிட்டே நிக்காதீங்க.”