செயற்கைப் பார்கள்: வீடா, பொறியா?

மேற்கு மாம்பலத்தில் வாழ்வோருக்குக் கடல் என்பது மாலையில் காற்று வாங்கச் செல்லும் இடம். அதற்குமேல் அதனோடு தமக்கொரு சம்பந்தம் உண்டென்று அவர்களிற் பலர் கருதுவதில்லை. ஆனால் மாம்பலம் கால்வாயில் இறங்கும் மழைநீரும் சாக்கடையும் அடையாற்றைச் சேர்ந்து, பட்டினப்பாக்கத்துக்குத் தெற்கே கடலிற் கலக்கின்றன. நாம் தெருவில் எறிந்த பிளாஸ்டிக் பை மீனவரின் வலையில் ஏறுகிறது. ஆகவே கடலின் க்ஷேமம் நமக்கும் உரிய விஷயமேயாகும்.

கரையோரக் கடலின் தரை பல இடங்களில் வெறும் மணலும் சேறுமே. ஆங்காங்கே தலைதூக்கும் பாறைத் திட்டுக்களை மீனவர் ‘பார்’ என்பர். மீன்களுக்கு நிழலும் இரையும் ஒளிவிடமும் தருபவை அவைதாம். விசைப்படகுகளின் இழுவலைகள் பல்லாண்டுகளாகத் தரையை வழித்துச் சென்றதால் அவ்விடங்கள் சிதைந்தன. கட்டுமரத்திலும் சிறு படகிலும் செல்லும் ஏழை மீனவரின் பிழைப்பும் அதனோடு சிதைந்தது.

இதற்கு ஒரு பரிகாரமாகவே செயற்கைப் பார்கள் அமைக்கப்பெறுகின்றன. இந்த எண்ணம் அந்நிய நாட்டிலிருந்து வந்ததன்று. மரக்கிளையையும் ஓலையையும் கல்லோடு பிணைத்துக் கடலில் இறக்கி மீனைச் சேர்க்கும் வித்தை நம் மீனவர் தலைமுறை தலைமுறையாக அறிந்தது. 1947ஆம் வருஷம் ஸ்தாபிக்கப்பெற்ற மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் அதே கருத்தைக் காங்கிரீட்டில் வடித்தனர். முக்கோண வடிவிலும் கிணற்று உறை போன்ற வடிவிலும் வார்த்த கட்டடங்கள் தமிழகக் கரையோரத்தில் பல கிராமங்களுக்கு எதிரே இறக்கப்பட்டுள்ளன. 2020ஆம் வருஷம் தொடங்கிய பிரதம மந்திரியின் மத்ஸ்ய சம்பதா திட்டத்திலும் இவ்வேலைக்கு இடமுண்டு.

நீருக்குள் நிகழும் அதிசயம் கேட்கத்தக்கது. கண்ணுக்குப் புலனாகாத நுண்ணுயிர்களும் பாசியும் முதலில் காங்கிரீட்டின்மேல் படர்கின்றன. பின்னர்க் கொட்டலசும் சிப்பியும் கடற்பஞ்சும் பற்றிக்கொள்கின்றன. அவற்றை மேயச் சிறு மீன்கள் வருகின்றன. சிறு மீனைத் தேடிப் பாறையும் சீலாவும் வருகின்றன. களவா பொந்துகளிற் குடியேறுகிறது. கணவாய் தன் முட்டைகளை ஒட்டிவைக்க ஓரிடம் காண்கிறது. வெறும் மணல்வெளி ஓர் ஊராகிவிடுகிறது!

தூத்துக்குடிக்கு அருகேயுள்ள வான்தீவு இதற்கு நல்ல உதாரணம். 1986ஆம் வருஷம் அறிவிக்கப்பெற்ற மன்னார் வளைகுடாக் கடல்வாழ் தேசியப் பூங்காவின் 21 தீவுகளில் அதுவும் ஒன்று. சுண்ணாம்புக்காகப் பவளப் பாறைகளை நெடுங்காலம் வெட்டியெடுத்ததன் விளைவாக அலையைத் தடுக்கும் அரண் அழிந்தது. இரண்டு தீவுகள் நீருள் மூழ்கின. வான்தீவும் சுருங்கிவந்தது. 2015ஆம் வருஷம் முதல் அதன் கடற்புறத்தே துளைகளுடன் கூடிய காங்கிரீட் அமைப்புக்கள் இறக்கப்பட்டன. அவை அலையின் வேகத்தைத் தணித்ததோடு, மீனுக்கும் பவள உயிர்களுக்கும் இருப்பிடமாயின.

எனினும் ஓர் ஐயம் எழுகிறது. செயற்கைப் பார் மீனைப் பெருக்குகிறதா, அன்றிச் சிதறிக்கிடக்கும் மீனை ஓரிடத்தில் திரட்டித் தருகிறதா? விஞ்ஞானிகள் நெடுங்காலமாக விவாதித்துவரும் கேள்வி இது. இரண்டும் நடைபெறுகின்றன என்பதே உண்மை. எது மேலோங்கும் என்பது பெரிதும் மனிதனின் நடத்தையைப் பொறுத்தது. தூண்டிலோடு செல்பவன் அளவாக எடுத்தால் அது வீடு; கண்டவரெல்லாம் வலையால் வளைத்தால் அது பொறி. பாரிற் சிக்கி அறுந்த வலையோ, கேட்பாரின்றிக் கிடந்து நெடுநாள் மீனைக் கொன்றுகொண்டேயிருக்கும்.

மற்றோர் அபாயமும் உண்டு. அமெரிக்காவில் பிளாரிடா கரைக்கெதிரே 1970களில் ஏறக்குறைய 20 லட்சம் பழைய டயர்களைக் கடலில் இறக்கி, ‘மீனுக்கு வீடு கட்டினோம்’ என்றனர். கட்டுக்கள் அறுந்தன, டயர்கள் உருண்டு இயற்கைப் பவளத்தையே நசுக்கின. பின்னர் அவற்றை எடுக்க ராணுவத்தின் நீர்மூழ்கு வீரர்கள் இறங்க வேண்டியதாயிற்று. குப்பையைக் கடலில் தள்ளுவதற்குப் பார் என்பது ஒரு புனைபெயராகிவிடலாகாது.

ஆதலின் சர்க்காரிடம் நாம் கேட்கவேண்டுவன சில உண்டு. பார் இறக்கும் இடத்தை அந்தந்தக் கிராமத்து மீனவரைக் கலந்தே தீர்மானிக்கவேண்டும். கரையோரக் கடலில் விசைப்படகுகளைத் தடுக்கும் 1983ஆம் வருஷத்துச் சட்டம் ஏட்டில் மட்டும் இருத்தலாகாது. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடை இருப்பதுபோல, பாரைச் சுற்றி வலைவீசுவதற்கும் ஒரு வரம்பு வேண்டும். அதைக் காக்கும் அதிகாரம் அவ்வூர் மீனவர் பஞ்சாயத்துக்கே அளிக்கப்பெற வேண்டும். பாரிற் பிடிபடும் மீனின் கணக்கைப் பொதுஜனங்கள் அறியுமாறு வருஷந்தோறும் வெளியிடவேண்டும்.

ஜனங்களுக்கும் கடமையுண்டு. கால்வாயில் குப்பை கொட்டிக்கொண்டே கடலில் வீடு கட்டுவது, ஒரு கையால் நட்டு மறுகையால் பிடுங்குவதற்கு ஒப்பாகும். மாம்பலத்துத் தெருவிலேயே கடலின் காவல் தொடங்குகிறது. கடலடியிற் காங்கிரீட்டை இறக்கிவிடுதல் எளிது. கரையில் கட்டுப்பாட்டை நிலைநாட்டுவதே அரிது. அந்த அரிய காரியத்தைச் செய்தாலன்றி, நாம் கட்டுவது மீனின் வீடாகாது; மீனவனின் வாழ்வுமாகாது.